கதவுக்காகப் படித்த இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ்மேல் ஆசை எதுவும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் அதைப் படிக்க உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. தங்கத்தில் இழைத்த கதவு இல்லை, சாத்தினால் சாத்திக்கொள்கிற சாதாரணப் பலகைக் கதவு.

மலாயாவில், ஈப்போ பக்கம் குனோங் ராபாட் மலைகளைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். எங்கள் அறையில் முன்பாதி என் பெரியப்பா மகனுக்கும் அண்ணிக்கும். பின்பாதி எனக்கும், புதிதாய்க் கட்டி வந்த என் பெண்டாட்டிக்கும். நடுவில் அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த ஒரு திரை. சாக்கில் அச்சடித்திருந்த யானை எங்கள் பக்கம் தலைகீழாகத் தொங்கும். வாசல் ஒன்றுதான், அதுவும் அண்ணன் பக்கம். நாங்கள் தண்ணீர் எடுக்கப் போவதானாலும் அண்ணன் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் வழக்கப்படி, தம்பி பெண்டாட்டியின் குரல் மூத்தார் காதில் விழக்கூடாது. ஊரில் இது பெரிய கஷ்டமில்லை. கொல்லை இருக்கிறது, ஒதுங்க இடம் இருக்கிறது. இங்கே மூத்தார் ஒரு சாக்குக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடக்கிறார். அவர் கொட்டாவி விட்டால் எங்கள் விளக்கு ஆடும். அதனால் வீட்டுக்குள் என் பெண்டாட்டி ஊமை. சோறு போடவா என்று கையைக் குவித்துக் காட்டுவாள். உப்பில்லை என்று நான் நாக்கை நீட்டிக் காட்டுவேன். கோபம் வந்தால் பாத்திரத்தை ஓசைப்படாமல் தரையில் அழுத்தி வைப்பாள். ஓசையில்லாமல் அழுத்துவதில் எவ்வளவு கோபம் காட்ட முடியும் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அண்ணனும் அண்ணியும் கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு வேறு அறை கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் தங்கமானவர்கள். அதுதான் பெரிய தொல்லை.

வேலைக்காட்டில்தான் அவளுக்கு வாய் திறக்கும். அவள் பால் வெட்டும் மர நிரையும் என் நிரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் படாமல் மரத்துக்கு மரம் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், அந்த ஆள் எங்கிருந்தாவது முளைத்து, "என்னா, மாமியார் வீட்டுக்கா வந்திருக்கீங்க?" என்பான். அந்த நாலு வார்த்தையில் ஒன்று எப்போதும் கதவுதான்.

"இந்தாங்க, எப்பதான் ஒரு கதவு வெச்ச வீட்டுக்குப் போறது?"

"கேட்டுப் பார்ப்போம்."

"யாருகிட்ட? இந்த மரத்துகிட்டயா?"

இப்படி இருக்கும்போதுதான், தோட்டத்து ஆபீசில் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். டெலிபோன் அப்போது எங்களுக்குப் புதுசு. சுவரில் மாட்டிய மரப்பெட்டி, அதற்கு ஒரு காது, ஒரு வாய். ஈப்போவிலிருந்தும் மற்ற தோட்டங்களிலிருந்தும் துரைமார்கள் அதில் இங்கிலீஷ் பேசுவார்கள். யார், யாரைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு பதில் சொல்லி, துரையை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எந்நேரமும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதால் ஆபீசை ஒட்டி ஒரு அறை. குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்று ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி சொன்னார். நான் அந்த அறையை நேரில் போய்ப் பார்த்தேன். கதவைத் தொட்டும் பார்த்தேன்.

மறுநாள் நிரையில் அவளிடம் சொன்னேன். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ள தாப்பா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப படிங்க," என்றாள். விஷயம் முடிந்துவிட்டது.

துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து தானே ஆளைச் சோதித்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரை எனக்கு அவகாசம். நான் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தவன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் "எஸ் சார்", அதையும் எப்போது சொல்லக்கூடாது என்பது தெரியாது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் எங்கள் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். என் வயதுக்காரர், கிறிஸ்தவர், ஈப்போவில் மிஷன் பள்ளியில் படித்தவர். ஈப்போ என்று சொல்லும்போதெல்லாம் சட்டைக் காலரை ஒருமுறை தொட்டுக்கொள்வார். "ஈப்போவுல நாய்கூட இங்கிலீஷுலதான் கொலைக்கும் லா மச்சான்," என்பார். ஹுத்தான் மெலிந்தாங் கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டில் என் பெண்டாட்டி வைக்கும் குழம்புக்கு அவர் அடிமை. வாரம் ஒரு சட்டிக் குழம்பு, அதற்குப் பதில் இங்கிலீஷ். இதுதான் பேச்சு.

முதல் பாடத்திலேயே தகராறு வந்துவிட்டது.

"மச்சான், இங்கிலீஷுல வினை மட்டும் தெரிஞ்சா பத்தாது. பின்னாடி ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும். எந்த வினைக்கு எந்த வால்னு தெரியணும். இப்ப லுக்குன்னா பாக்குறது. அட் போட்டா சும்மா பாக்குறது. ஃபார் போட்டா காணாமப் போனதத் தேடுறது. ஆஃப்டர் போட்டா கவனிச்சுக்கிறது."

"தேடுறதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை அவனுக்குக் கெடையாதா? ஊரெல்லாம் பிடிச்சு வெச்சிருக்கான், ஒரு வார்த்தைக்கு அம்புட்டு வறுமையா?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது. மனப்பாடம் பண்ணு."

"ஏன் அட்? ஏன் ஃபார்? ஒரு காரணம் வேணாமா?"

"காரணம் இருந்தா நான் ஏன் ஏழாவதுல மூணு தடவ உக்காந்தேன்?" என்றார். அந்த உண்மை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

பாடம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கும். மருந்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் உதாரணம். காலில் புண்ணோடு வந்த ஒரு கிழவரை நடுவில் உட்கார வைத்து, "லுக் அட் திஸ் மேன்" என்று டிரஸ்ஸர் சும்மா பார்ப்பார். "லுக் ஃபார் திஸ் மேன்" என்று மேசைக்கடியில் தேடுவார். "லுக் ஆஃப்டர் திஸ் மேன்" வரும்போது மட்டும்தான் மருந்து போடுவார். கிழவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, அந்த மூணாவதையே மொதல்ல வெச்சுக்கக் கூடாதா, எரியுது," என்றார்.

ஆஸ்பத்திரியில் தெரிந்தது எல்லாம் லயத்துக்கு வருவதற்குள் கரைந்துவிடும். வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாது. அண்ணன், "தம்பி, ஒடம்பு சரியில்லையா?" என்று சாக்கை விலக்கிக் கேட்பார். எனக்கு மிச்சமிருந்த இடம் வேலைக்காடு, மிச்சமிருந்த நேரம் பால் வெட்டும் நேரம். ஒருநாள் வெட்டிக்கொண்டே போகும்போது தோன்றியது. என் நிரையில் இத்தனை மரம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எனக்குப் பெண்டாட்டியைவிட அதிக நாளாகத் தெரியும். இந்த மூதேவி வினைகளை ஏன் என் தலையில் சுமக்க வேண்டும்? மரத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டால் என்ன?

கட்டினேன். எதையோ தேடுவதுபோல முன்பக்கம் வளைந்து நிற்கும் கூனல் மரம் "லுக் ஃபார்". பால் பிடிக்கும் மங்கு நிறைந்து வழியும் நல்ல மரம் "லுக் ஆஃப்டர்". ஒருமுறை வெட்டு ஆழமாகப் போய் மரத்தில் காயம்பட்டு, மண்டோர் என்னைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் கிழித்தெடுத்த மரம் "கம்ப்ளைன் அபௌட்". இரண்டு கிளையும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நிற்பது "ஸ்பீக் டு". காலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு முதல் மரத்தில் ஆரம்பித்தால், காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரிக்கும்போது வினை, கோடு வெட்டும்போது வால், மங்கை நிமிர்த்தி வைக்கும்போது மறுபடி இரண்டும் சேர்த்து. கடைசி மரம் வரை ஒன்றுகூடத் தப்பாது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

பக்கத்து நிரையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த என் பெண்டாட்டிக்கும் பாதி மனப்பாடம். நான் எங்கேயாவது தடுமாறினால் மரங்களுக்கு நடுவிலிருந்து குரல் வரும்.

"லிசன் டு. நேத்தும் இதே மரத்துல முழிச்சீங்க."

மண்டோருக்குத்தான் பயம் பிடித்துவிட்டது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான், காட்டுப் பேய் ஏதும் அடித்திருக்குமோ என்று கோயில் பூசாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான். பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். அடிக்கும்போது நான், "வெயிட் ஃபார்," என்றேன், மனசுக்குள் அந்த மரம் வந்துவிட்டது, என்ன செய்ய? இன்னும் நாலு அடி கூடுதலாக விழுந்தது.

துரை திரும்பி வருவதற்குச் சில நாள் முன்னால் மத்தியானத்தில் ஒரு காற்றுமழை. மறுநாள் நிரைக்குப் போனால் நடுவில் மூன்று மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. மற்றவர்களுக்கு மரம் போனது. எனக்கு "ஹோல்ட் ஆன்" போனது, "புட் த்ரூ" போனது, "ஆஸ்க் ஃபார்" போனது. டெலிபோன்காரனுக்குச் சோறே இந்த மூன்றில்தான் என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வேற மரத்துல ஏத்திவிடு லா, இதுல என்னா சுசா, என்னா கஷ்டம்," என்றார் டிரஸ்ஸர். அவருக்குச் சொல்வது சுலபம். ஏற்றிப் பார்த்தேன். ஒரு மரத்தில் இரண்டு வினை இருந்தால் இரண்டும் அடித்துக்கொண்டன. வால் மாறி வால் ஒட்டிக்கொண்டது. இருந்த நல்லதும் கெட்டது.

"வெட்டுமரம் மாதிரி நிக்காதீங்க. போய் மத்ததையாச்சும் சொல்லுங்க," என்றாள் அவள். குரலில் கோபமில்லை. பயம்தான் இருந்தது. அந்தக் கதவு கிடைக்காமல் போனால் இவள் இன்னும் எத்தனை வருஷம் கையைக் குவித்துக் காட்டிக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன்.

சோதனை நாள். பாலை எடை போட்டுக் கொடுத்து முடிந்ததும், டிரஸ்ஸரின் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கை எனக்கு நீளம், கோட்டுக்குக் குட்டை. என் பெண்டாட்டி வெளியே சன்னலுக்குக் கீழே தலைத்துணியோடு நின்றுகொண்டாள். உள்ளே துரை, பக்கத்தில் பெரிய கிராணி. எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். பழைய கங்காணி ஒருவரிடம் கற்றுக்கொண்டது. கடவுளையே "டேய்" என்று கூப்பிடும் தமிழ் அது.

"நீ டெலிபோன் நல்லா பேசுறான்?" என்றார்.

"எஸ் சார்."

இருப்பது ஒரே டெலிபோன் என்பதால், துரை தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டு வாயாலேயே, "ட்ரிங், ட்ரிங்," என்றார். ஆறடி வெள்ளைக்காரர். பெரிய கிராணி சிரிக்காமல் இருக்கக் கூரையைப் பார்த்தார். நான் டெலிபோன் காதை எடுத்தேன். மானேஜர் இருக்கிறாரா, அவரிடம் பேச வேண்டும் என்று தாழ்வாரத்திலிருந்து இங்கிலீஷில் கேட்டது. புரிந்துவிட்டது. பதிலும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது நிரையின் கடைசிப்பக்கம் இரண்டு கிளை மரத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் முதல் மரத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது.

கிளம்பினேன். டெலிபோன் காதை அப்படியே தொங்கவிட்டுவிட்டு, துரையின் மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். கால் தானாக நிரைக்கு நடக்கிற நடை நடந்தது. கை தானாக ஒட்டுப்பாலை உரித்தது, இடது மேலிருந்து வலது கீழே கோடு வெட்டியது, குனிந்து மங்கை நிமிர்த்தி வைத்தது. வாய் முணுமுணுத்தது. அடுத்த மரம். மறுபடி உரித்து, வெட்டி, குனிந்து. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி முடித்து இரண்டாவது சுற்றில் விழுந்து கிடந்த மரங்களிடம் வந்தேன். அங்கே ஒன்றுமில்லை. வெறும் பள்ளம். நின்றுவிட்டேன். கத்தி பிடித்ததுபோல் மடங்கிய கை அந்தரத்தில் நின்றது. என் முழி பிதுங்கியது.

"என்னய்யா கூத்து இது?" என்றார் பெரிய கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு.

துரை உள்ளே வந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. மாடு வாங்க வந்தவர் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மறுபடி வெட்டு," என்றார். வெட்டினேன். "இன்னும் ஒண்ணு." வெட்டினேன். பெரிய கிராணியிடம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டி, "நீ நம்பர் ஒன் வெட்டுக்காரன். கோடு பாரு, எப்படி நேரா போகுது. ரப்பர் இப்ப நல்ல விலை. உன்னை நான் ஆபீசுக்குக் குடுக்க மாட்டான். போ, போய் மரம் வெட்டு," என்றார்.

பாராட்டினாரா, கழுத்தை அறுத்தாரா? இரண்டும்தான். காற்றை வெட்டிக் காட்டி, கிடைக்க இருந்த கதவையும் சேர்த்து வெட்டிவிட்டேன். "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு அழுகை வந்தது. கோட்டு டிரஸ்ஸருடையது என்பதால் அதில் துடைக்கவில்லை.

அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டினாள். நான் பிடிப்பதற்குள் படியேறி உள்ளே போய்விட்டாள். பொம்பளை ஆள் கங்காணி இல்லாமல் ஆபீசுக்குள் போனதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"லுக் அட் மீ," என்றாள் துரையைப் பார்த்து. "லிசன் டு மீ."

துரை வாயிலிருந்த பைப்பை எடுத்தார். அவளுக்கு அடுத்த மரம் நினைவுக்கு வரவில்லை போல. வந்திருந்தாலும் அதில் கதவு இருந்திருக்காது. தமிழுக்கு வந்துவிட்டாள்.

"தொரே, நல்ல வெட்டுக்காரன் ஒங்களுக்கு வேணும். சரி. வெட்டுக்காரனுக்கு ஒரு கதவு வேணாமா? ஒரு ரூமுல ரெண்டு குடும்பம், நடுவுல சாக்கு. அந்தப் பக்கம் இவரோட அண்ணன். இந்தப் பக்கம் நாங்க. கல்யாணம் கட்டி வருஷம் தாண்டிருச்சு. நாங்க எப்படிக் குடித்தனம் பண்றது, சொல்லுங்க."

துரையின் தமிழில் குடித்தனம் என்ற வார்த்தை இல்லை. பெரிய கிராணியைப் பார்த்தார். பெரிய கிராணி கல்யாணமே செய்துகொள்ளாதவர், தினமும் மூன்று வேளை விபூதி பூசுகிறவர். இங்கிலீஷில் இழுத்து, நிறுத்தி, இருமி, கடைசியில் இரண்டு கையையும் வைத்து நடுவில் ஒரு சாக்கைக் காட்டினார். எந்த வினை போட்டாரோ, என்ன வால் போட்டாரோ, துரைக்கு விளங்கிவிட்டது. கழுத்தில் ஆரம்பித்த சிவப்பு காது நுனிவரை ஏறியது. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

நேராக லயத்துக்கு நடந்தார். பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் வேலை முடிந்து வந்த ஜனம் பாதி. அறைக்குள் குனிந்து நுழைந்து, எங்கள் பாதிக்கு வந்து நின்று, தலைகீழ் யானையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சாக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது முழுசாகப் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அண்ணன், உள்ளே துரை இருப்பது தெரியாமல் குளித்துவிட்டு அப்போதுதான் நுழைந்து, ஈரத்துணியைக் கழற்றி இன்னொன்றைக் கட்டுகிற அந்தக் கணத்தில் நின்றுகொண்டிருந்தார். துரையைப் பார்த்ததும், பெரட்டில் நிற்கிற பழக்கத்தில், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். கையில் பிடித்திருந்தது என்னவானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"சாரி," என்றார் துரை. சாக்கைத் தானே தூக்கிப் பிடித்து அண்ணனை மறைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல், "பலகை. கதவு. நாளைக்கு," என்றார். அண்ணன் கட்டி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனை அதற்குப்பிறகு எத்தனையோ விஷயத்துக்கு நான் திட்டியிருக்கிறேன். அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் திட்டியதில்லை.

ஈப்போவிலிருந்து சீனத் தச்சர் ஒருவர் வந்தார். சாக்கு இருந்த இடத்தில் கூரைவரை பலகை அடித்தார். எங்கள் பின்சுவரை அறுத்து வாசல் எடுத்துக் கதவு மாட்டினார். பிறகு லயம் முழுக்க, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதையே செய்தார். டெலிபோன் வேலை ஈப்போவிலிருந்து வந்த வேறு யாருக்கோ போனது. அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு வருத்தமில்லை.

தச்சர் உளியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போன சாயந்தரம், நாங்கள் எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தோம். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். நான் பாயில் உட்கார்ந்து கனைத்துக்கொண்டேன். இத்தனை நாளாக இந்தக் கதவு எதற்கு என்று நான் நினைத்திருந்தேனோ, துரையும் கிராணியும் லயத்து ஜனமும் நினைத்திருந்தார்களோ, அதுதான் எனக்கு ஞாபகம்.

அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"ஒங்க அண்ணன்," என்றாள். அதற்குமேல் முடியவில்லை. "கும்பிட்டாரே," என்றாள்.

சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் பழக்கதோஷத்தில் முந்தானையை வாயில் அடைத்தாள். பிறகு கதவைப் பார்த்தாள், முந்தானையை எடுத்துவிட்டாள். பெரிய சிரிப்பு. தொண்டையில் ஆரம்பித்து, நடுவில் மூச்சு முட்டி, ஒரு சின்ன விக்கலில் போய் உடைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினார். அவள் நிறுத்தவில்லை.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி ஒரு வருஷத்துக்குமேல் ஒரே பாயில் படுத்தவள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.